வழிச்சோறு ஒரு பை, இருப்பு ஒரு பை: நெடுந்தூரக் கார்ப் பயணத்துக்கு உணவு எடுத்து வைக்கும் முறை

முதல்முறை குடும்பத்தோடு காரில் நெடுந்தூரம் கிளம்புகிறவர்கள் டயரில் காற்று பார்ப்பார்கள், ஃபாஸ்டாகில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சாப்பாட்டை மட்டும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சத்தியமங்கலத்திலிருந்து மைசூரு போகும் சாலையில் திம்பம் மலைப்பாதைக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான சரக்கு லாரி ஒன்று ஒரு வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றால் போதும், மேலேயும் கீழேயும் எதுவும் நகராது. ஒரு மழைநாளில் மதியம் 3 மணிக்கு அப்படி மாட்டிக்கொண்டோம். வண்டிகள் நகர ஆரம்பித்தபோது இரவு 10 மணி. காரில் இருந்தது இரண்டு சிப்ஸ் பாக்கெட், உருகிப்போன ஒரு சாக்லேட், அரை பாட்டில் தண்ணீர். அப்பாவுக்குச் சர்க்கரை நோய். மேலே போய்ச் சாப்பிடலாம் என்று மாத்திரையை மட்டும் போட்டிருந்தார். ஐந்து மணி வாக்கில் கை நடுங்கி வேர்க்க ஆரம்பித்துவிட்டது. பின்னால் நின்ற காரிலிருந்து ஒரு பாட்டி இறங்கி வந்து, வெல்லம் போட்டுப் பிசைந்த அவலை ஒரு எவர்சில்வர் டப்பாவில் நீட்டினார். "மொதல்ல இத வாயில போடுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அந்த டப்பாவிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இது மலைப்பாதைக்கு மட்டுமான கவலையும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்து ஊர் மக்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்துப் போட்டுக் காப்பாற்றினார்கள். அது சமவெளி, மலையோ காடோ இல்லை. ஒரே இரவில் தெரிந்த ஊரும் தீவாகிவிடும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வழியில் சாப்பிடுவதற்கு ஒரு பை, மாட்டிக்கொண்டால் பிரிப்பதற்கு ஒரு பை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பையை வீடு திரும்பும்போது காலியாகக் கொண்டு வரவேண்டும். இரண்டாவது பையைப் பிரிக்காமல் கொண்டு வரவேண்டும். இரண்டையும் கலந்து ஒரே பையில் வைத்தால், பிள்ளைகள் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் கடலைமிட்டாயை முடித்துவிடுவார்கள். தேவைப்படும் நேரத்தில் பையில் வெறும் கவர்தான் இருக்கும்.

முதலில் தண்ணீர்

திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து போன அப்பர் பசியில் வாடியபோது, சிவபெருமான் பொதிசோறு கொடுத்ததாகக் கதை உண்டு. அந்தக் கதையில் சோற்றோடு ஒரு சோலையும் குளமும் வரும். சோறு கொடுத்தவர் தண்ணீருக்கும் வழிசெய்துவிட்டார். பை கட்டுகிற நம்மில் பலர் அந்தப் பாதியை மறந்துவிடுகிறோம்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 3 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு 12 லிட்டர். எடையும் 12 கிலோ ஆகிவிடும் என்பதால் 20 லிட்டர் கேனைத் தூக்கி டிக்கியில் போட ஆசைப்படாதீர்கள். திடீரென்று பிரேக் போட்டால் அது உருண்டு இடிக்கும். சாய்த்துத் தம்ளரில் ஊற்றவும் முடியாது. 5 லிட்டர் கேன் இரண்டு, ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில்கள் இரண்டு என்று பிரித்துக்கொண்டால் கை வலிக்காது, ஒன்று கசிந்தாலும் மற்றது இருக்கும்.

எவர்சில்வர் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். அரை லிட்டர் பாட்டிலாக வாங்கி அடுக்கிக்கொண்டு போனால், மலை ஏறும் முன்பே உங்கள் தண்ணீர் இருப்பு போய்விடும்.

கோடையில் இன்னொன்று செய்யலாம். முந்தைய இரவே இரண்டு பாட்டில்களில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். முழுக்க ஊற்றினால் உறையும்போது விரிந்து பாட்டில் வெடிக்கும். காலையில் அந்தப் பாட்டில்களைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தால் தயிர்ச்சோறு புளிக்காமல் இருக்கும். மதியத்துக்குள் உருகி, குடிக்கச் சில்லென்ற தண்ணீராகவும் ஆகிவிடும்.

பெண்களிடம் தனியாக ஒரு வார்த்தை. வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறவர்கள் நம் வீடுகளில் நிறைய. தலைவலியும் நீர்க்கடுப்பும் பயணம் முடிந்த மறுநாள் அதனால்தான் வருகின்றன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நல்ல பெட்ரோல் பங்க்காகப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். வண்டி ஓட்டுகிறவருக்கும் அந்த ஓய்வு தேவை.

முதல் பை: வழிச்சோறு

'கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?' என்று பழமொழி கேட்கிறது. சோற்றைப் பொறுத்தவரை பதில் தெளிவானது. புளியோதரைக்கு ஒரு நாள், எண்ணெயும் புளியும் தாராளமாக இருந்தால் மறுநாள் காலை வரை. தயிர்ச்சோற்றுக்கு அன்று மதியம் வரை. தேங்காய்ச் சட்னிக்கு நான்கு மணி நேரம்கூட உறுதி கிடையாது.

எது முதலில் கெடுமோ அதை முதலில் சாப்பிட்டுவிட வேண்டும். பை அடுக்கும்போதே அந்த வரிசையில் அடுக்குங்கள். காலை 5 மணிக்குக் கிளம்பினால் 8 மணிக்கு இட்லி, 12 மணிக்குத் தயிர்ச்சோறு, இரவுக்குப் புளியோதரை அல்லது சப்பாத்தி. சப்பாத்தியும் தொக்கும் மறுநாள் காலை வரை நம்பகமாக நிற்கும்.

புளியோதரை ஏன் நிற்கிறது? புளியின் அமிலம், உப்பு, நல்லெண்ணெய் மூன்றும் சேர்ந்து கிருமிகளை எளிதில் பெருகவிடுவதில்லை. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுண்டவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது ருசிக்காக மட்டும் இல்லை. நீர் வற்ற வற்றக் கெடுவது தள்ளிப்போகும். வழிக்குக் கிளறும்போது வெங்காயம், தேங்காய் சேர்க்காதீர்கள்.

எல்லோரும் தவறு செய்யும் இடம் சோற்றை டப்பாவில் அடைக்கும் நேரம். அவசரத்தில் ஆவி பறக்கும் சோற்றை டப்பாவில் போட்டு அழுத்தி மூடிவிடுகிறோம். ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகச் சொட்டும், சோறு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் கொதியிலும் சாகாமல் இருந்து, இந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் ஒருவகை நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வழியில் வரும் வாந்திக்குச் சாலையின் வளைவுகளைக் குறை சொல்கிறோம், பல நேரம் டப்பாதான் காரணம். அதனால் சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்பி, மின்விசிறியின் கீழ் நன்றாக ஆறவிட்டு, உலர்ந்த டப்பாவில் போடுங்கள். கையால் தொடாமல் கரண்டியால் எடுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்கு நான் மிகவும் மதிப்பு கொடுக்கிறேன். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

இட்லிக்கும் அதே விதிதான். ஆறிய இட்லியை நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியில் இருபுறமும் புரட்டி, தணலில் வாட்டிய வாழையிலையில் அடுக்கிக் கட்டினால் அன்று மாலை வரை மெத்தென்று இருக்கும். சட்னி, சாம்பார் எதுவும் வேண்டாம். சப்பாத்திக்கு மாவைக் கொஞ்சம் எண்ணெய் சேர்த்துப் பிசைந்து, சுட்டதை ஒரு துணியில் ஆறவிட்டு, அதே துணியில் சுற்றி வையுங்கள். உருளைக்கிழங்கு மசாலாவைத் தொட்டுக்கொள்ளக் கொண்டு போகாதீர்கள். மாங்காய்த் தொக்கு, பூண்டு ஊறுகாய் போதும்.

வேகவைத்த முட்டையை ஓட்டோடு எடுத்துப் போகலாம், காலைச் சாப்பாட்டோடு முடித்துவிட வேண்டும். கறிக்குழம்பு, மீன் வறுவல் வேண்டாம். ஆசை இருந்தால் வழியில் சூடாகக் கிடைக்கும் கடையில் சாப்பிடுங்கள். பழங்களை வெட்டாமல் எடுங்கள். ஆரஞ்சு, கொய்யா, வெள்ளரிப்பிஞ்சு மூன்றும் பசிக்கும் தாகத்துக்கும் சேர்த்து உதவும். வாழைப்பழம் என்றால் செங்காயாகப் பார்த்து வாங்குங்கள், மறுநாள் பழுக்கும்.

இரண்டாவது பை: இருப்பு

இந்தப் பைக்கு மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறேன். அடுப்பு இல்லாமல் சாப்பிட முடியவேண்டும். தண்ணீர் குறைவாகப் பிடிக்கவேண்டும். வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே விரும்பிச் சாப்பிடுகிற பண்டமாக இருக்கவேண்டும். மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஆபத்துக்கு என்று தனியாக விற்கும் விலையுயர்ந்த பார்களை வாங்கி வைத்து, பசித்த நேரத்தில் பிள்ளை வாயில் வைக்க மறுத்தால் என்ன பயன்?

நான்கு பேருக்கு ஒரு முழு நாள் தாங்கும்படி நான் கட்டும் பை இது:

- மெல்லிய அவல் ஒரு கிலோ, கால் கிலோ வீதம் நான்கு ஜிப் கவரில்
- கடலைமிட்டாய் அல்லது வறுத்த நிலக்கடலை அரை கிலோ
- பொட்டுக்கடலை மாவு அரை கிலோ
- பொடித்த வெல்லம் அல்லது நாட்டுச்சர்க்கரை கால் கிலோ
- உப்பு ஒரு சின்னப் பொட்டலம், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு

மொத்தமே இரண்டேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான். ஆனால் கிட்டத்தட்ட 9,000 கலோரி, அதாவது ஆளுக்கு 2,000-க்கும் அதிகம். அவல் 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி, நிலக்கடலையில் 550-க்கு மேல். எடைக்கு நல்ல சத்து தரும் பண்டங்கள் இவை. இரண்டு மூன்று நாள் காட்டுப்பக்கம், மலைப்பக்கம் சுற்றப் போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கை அத்தனை நாளால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அவல் வாங்கும்போது மெல்லிய அவலா என்று பாருங்கள். ஒரு கை தண்ணீர் தெளித்துப் பிசிறினால் இரண்டு நிமிடத்தில் பதமாகிவிடும். கெட்டி அவல் கால் மணி நேரம் ஊறவேண்டும், தண்ணீரும் அதிகம் குடிக்கும்.

சத்துமாவு வைக்கலாமே என்று பலர் கேட்பார்கள். கடையில் வாங்கும் சத்துமாவு பெரும்பாலும் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பதற்கானது. பச்சையாகக் கரைத்துக் குடித்தால் வயிறு கேட்காது. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது. அதன் மாவில் வெல்லமும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுப் பிசைந்து உருட்டினால் சாப்பாடு முடிந்தது. பீகார்க்காரர்கள் வறுத்த கடலை மாவை 'சத்து' என்று இதே முறையில் வேலைக்கும் வழிக்கும் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

கடலைமிட்டாய்க்குக் கோவில்பட்டி பெயர் பெற்றது, 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மதுரைக்குத் தெற்கே போகிறவர்கள் அங்கேயே வாங்கி இருப்பைப் புதுப்பித்துக்கொள்ளலாம். கவர் நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காற்றுப் பட்டால் மழைக்காலத்தில் பிசுபிசுத்துவிடும்.

நேரம் இருக்கிறவர்கள் பொரிவிளங்காய் உருண்டை செய்து வையுங்கள். புழுங்கல் அரிசி இரண்டு பங்கு, பாசிப்பயறு ஒரு பங்கு, தனித்தனியாகச் சிவக்க வறுத்து மாவாக்கிச் சுக்கும் ஏலமும் சேர்க்க வேண்டும். மாவில் பாதி எடைக்கு வெல்லம் எடுத்துப் பாகு காய்ச்சுங்கள். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் உருட்ட வரவேண்டும். மாவில் ஊற்றிக் கிளறி, சூடு தாங்கும் அளவுக்கு ஆறியவுடன் உருட்டிவிடுங்கள். தேங்காய்ப்பல் போடாவிட்டால் ஒரு மாதம் தாராளமாக இருக்கும். ஒன்று தின்றால் மூன்று மணி நேரம் பசி தெரியாது. கல்லாக இருக்கும் என்பதால் பல் ஆடும் பெரியவர்களுக்கு உருட்டாமல் மாவாகவே தனியாக எடுத்து வையுங்கள்.

கடையில் கிடைப்பதில் எனக்கு நம்பிக்கை உள்ளது ரெடி டு ஈட் உறைகள். உப்புமா மாவு போல வெந்நீர் கேட்கும் வகையைச் சொல்லவில்லை. சமைத்த உணவை உறையில் அடைத்து மூடி, ஏறக்குறைய 121 டிகிரி சூட்டில் கிருமி நீக்கிய வகையைச் சொல்கிறேன். மைசூருவில் 1961-ல் தொடங்கிய, பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக்கூடம் ராணுவ வீரர்களுக்கான இப்படிப்பட்ட உணவுகளில் நிறைய வேலை செய்திருக்கிறது. உறையைச் சூடாக்காமலே பிரித்துச் சாப்பிடலாம், ருசி மட்டும் கொஞ்சம் குறையும். ஃப்ரிட்ஜ் இல்லாமல் ஒரு வருடம் வரை இருக்கும், உறையிலேயே தேதி போட்டிருக்கும். உறையோ டின்னோ உப்பியிருந்தால், கசிந்தால், ருசி பார்க்கக்கூட நாக்கில் வைக்காமல் தூக்கிப் போடுங்கள். டின் வாங்கினால் வளையத்தை இழுத்துத் திறக்கும் வகையாக வாங்குங்கள்.

நூடுல்ஸ் பாக்கெட்டை இருப்புப் பையில் வைக்க வேண்டாம். கொதிநீர் இல்லாமல் அதனால் பிரயோசனம் இல்லை. சின்ன கேஸ் அடுப்பை டிக்கியில் போட்டுக்கொள்ளும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. வெயிலில் மூடிக் கிடக்கும் காரில் கேஸ் குப்பியை வைப்பது ஆபத்து. மழைக்குப் பயந்து காருக்குள் பற்றவைத்தால் கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

முறுக்கு, தட்டை, மிக்சர்? முதல் பையில் எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள். மணப்பாறை வழியாகப் போனால் நானும் முறுக்கு வாங்காமல் வருவதில்லை. இருப்புப் பைக்கு அவை சரிவராது. உப்பு அதிகம், தாகத்தைக் கூட்டும். தண்ணீர் எண்ணிக் குடிக்கும் நேரத்தில் அதைத் தின்னக் கூடாது. சூட்டில் எண்ணெயும் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

யார் யார் வருகிறார்கள்?

பை கட்டும் முன் வண்டியில் ஏறப்போகிற ஒவ்வொருவரையும் நினைத்துப் பாருங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இருந்தால், அவருடைய கைக்கு எட்டும் இடத்தில், டிக்கியில் இல்லை, குளுக்கோஸ் பொடியும் பிஸ்கட்டும் இருக்கவேண்டும். நடுக்கம், வியர்வை, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளிவு வரவில்லை என்றால் மறுபடி அதே அளவு. தெளிந்த பிறகு கொஞ்சம் அவலோ பிஸ்கட்டோ சாப்பிடவேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-ஐ அழையுங்கள். மாத்திரையைச் சாப்பாடு கண்ணுக்கு முன் வந்த பிறகுதான் போடவேண்டும் என்று எங்கள் வீட்டில் இப்போது சட்டம்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் அம்மாவுக்குத்தான் தண்ணீரும் சாப்பாடும் கூடுதலாக வேண்டும். பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு வேளைக்கும் அளந்த பொடியைத் தனித்தனிச் சின்ன டப்பாக்களில் போட்டு, கொதிக்கவைத்த தண்ணீரை ஃபிளாஸ்கில் எடுங்கள். நினைத்ததைவிட இரண்டு மடங்கு வேளைக்கு எடுங்கள். கலந்த பால் மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். ஒரு வயதுக்குக் கீழான குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. பெரிய பிள்ளைகளுக்கு அட்டைப்பெட்டிப் பால் நல்லது. பிரிக்காதவரை ஃப்ரிட்ஜ் தேவையில்லை. பிரித்தால் அப்போதே குடித்து முடிக்கவேண்டும் என்பதால் 200 மில்லி பெட்டியாக வாங்குங்கள்.

நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர் வந்தால் கடலைமிட்டாய்க்குப் பதில் எள்ளுருண்டையோ பேரீச்சையோ வையுங்கள். எள்ளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, கேட்டுக்கொள்ளுங்கள்.

வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளில் மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்து இருப்புப் பையிலேயே வைப்பது என் வழக்கம்.

இருப்புப் பை எங்கே இருக்கவேண்டும்?

வீட்டில், வாசலுக்குப் பக்கத்தில், கார்ச் சாவி மாட்டும் ஆணிக்குக் கீழே.

காரிலேயே நிரந்தரமாக வைத்துவிடலாம் என்று தோன்றும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியைவிட 20 டிகிரி வரை சூடு ஏறிவிடும். வெளியே 38 என்றால் உள்ளே 55-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் வெல்லம் இளகும், கடலை எண்ணெய் கசந்துபோகும், மாத்திரைகள் வீரியம் இழக்கும். கவரில் போட்டிருக்கும் தேதி இவ்வளவு சூட்டை வைத்துப் போட்டதும் இல்லை. அதனால் சாவி எடுக்கும்போது பையையும் எடுங்கள். பழகிவிட்டால் செருப்புப் போடுவது மாதிரி ஆகிவிடும்.

வண்டியில் முன் இருக்கைக்குப் பின்னால், பிள்ளைகள் கால் வைக்கும் இடத்தில் பையை வையுங்கள். நிழல் இருக்கும், மழையில் இறங்கி டிக்கியைத் திறக்கவும் வேண்டியிருக்காது. பையோடு ஒரு கரண்டி, சின்னக் கத்தி, இரண்டு எவர்சில்வர் கிண்ணம், ஒரு தம்ளர், டார்ச், குப்பைக்கு ஒரு பழைய துணிப்பை. கைகழுவ நல்ல தண்ணீரை வீணாக்காமல் இருக்க ஈரத் துடைதாள் ஒரு பாக்கெட்.

மாட்டிக்கொண்டால்

உடனே இருப்புப் பையைப் பிரிக்காதீர்கள். முதல் பையில் மிஞ்சியிருப்பதை, கெடக்கூடியதை, முதலில் முடியுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ல் கேட்டால் பாதை நிலவரம் தெரியும், உதவியும் வரும். மழை, வெள்ளம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. திம்பம் போன்ற காட்டுப்பகுதியில் சிக்னல் கிடைக்காமல் போகலாம், கிளம்பும் முன்பே எந்த வழியில் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.

இரவுக்குள் நகராது என்று தெரிந்தால் பையில் இருப்பதை நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள். சாப்பாட்டைக் குறைத்துச் சாப்பிடலாம், ஒரு நாள் பசி பெரியவர்களை ஒன்றும் செய்யாது. தண்ணீரை அப்படிக் குறைக்காதீர்கள். தாகம் எடுத்தால் குடிக்கவேண்டும். நிழலில் உட்கார்ந்து, அலையாமல், வியர்க்காமல் இருப்பதுதான் தண்ணீரை மிச்சப்படுத்தும் வழி.

யாருக்காவது வாந்தி, பேதி என்றால் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக, அதன் கவரில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் (பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர்) கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாதித் தண்ணீரில் கெட்டியாகக் கரைப்பது தவறு. பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு இதற்கு மேல் கூடக்கூடாது.

வெள்ளத் தண்ணீர் பட்ட எதையும், மூடி திருகிய பாட்டிலாக இருந்தாலும், அப்படியே வாயில் வைக்காதீர்கள். பிரித்த பாக்கெட்டில் வெள்ளம் புகுந்தால் மொத்தமாகத் தள்ளிவிடுங்கள்.

குரங்குகள் சுற்றி வந்தால் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஒரு துண்டு போட்டால் பத்து வரும், கையில் இருக்கும் பையையே பிடுங்கும். நம் பண்டம் அவற்றுக்கு நல்லதும் இல்லை.

பக்கத்து வண்டிகளை ஒருமுறை எட்டிப் பாருங்கள். கைக்குழந்தையோ, வயதானவரோ, தனியாக லாரி ஓட்டி வந்தவரோ இருந்தால் அவர்களுக்கும் ஒரு பங்கு போகட்டும். இதற்காகவே நான் அவலைக் கால் கிலோ கவர்களாகப் பிரித்து வைக்கிறேன். ஒன்றைத் தூக்கிக் கொடுப்பது எளிது.

திரும்பி வந்த பிறகு

தை, சித்திரை, ஆடி, ஐப்பசி ஆகிய நான்கு மாதங்களின் முதல் வாரத்தில் இருப்புப் பையைக் கொட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். சரியாக மூன்று மாத இடைவெளி. அவலில் வண்டு இருக்கிறதா, கடலையில் வாடை வருகிறதா என்று பார்த்து, இருப்பதை அந்த வாரமே வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் புதிதாக நிரப்புவோம். தின்பது நமக்குப் பிடித்த பண்டம்தானே, எதுவும் வீணாவதில்லை. ஐப்பசியில் மட்டும் கூடுதல் கவனம். வடகிழக்குப் பருவமழையும் தீபாவளிப் போக்குவரத்தும் சேர்ந்து வரும் மாதம் அது.

ஒவ்வொரு கவரிலும் வாங்கிய தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், இருக்காது.

பயணம் முடிந்து வந்த இரவு எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் இரண்டு வேலைகளை முடித்துவிட்டுப் படுங்கள். வழிச்சோற்று டப்பாக்களையும் பாட்டில்களையும் கழுவித் துணியில் கவிழ்த்து வையுங்கள். இருப்புப் பையைக் காரிலிருந்து எடுத்து வந்து, எதையாவது எடுத்திருந்தால் ஒரு தாளில் எழுதி அதன் மேலேயே செருகி, சாவி ஆணிக்குக் கீழே வைத்துவிடுங்கள். மறுநாள் கடைக்குப் போகும்போது அந்தத் தாள் கையில் இருக்கும்.